ஏணிப்பாட்டுக்காரருக்குக் கல்

சின்னுசாமிக்குக் கல் நடுகிறார்கள், மைக் செட் வேண்டும் என்று போன் வந்தபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மாசிப் பனியில் மலைமேல் போய்க் குழாய் கட்டுவது லேசான வேலை இல்லை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மினி லாரியில் ஏற்றினால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெட்டி நகரும். மேலே போய் இறக்கும்போது எது உடைந்தது என்று தடவிப் பார்க்க வேண்டும். ஆனால் செத்தவர் ஏணிப்பாட்டுச் சின்னுசாமி. மாட்டேன் என்றால் எங்க அத்தா அபுதாஹிர் கபரிலிருந்து எழுந்து வந்து உதைப்பார். சின்னுசாமியுடைய ஒரே ஒரு கேசட்டை வைத்துத்தான் எங்கள் கடைப் பலகையில் 'சவுண்ட் சர்வீஸ்' என்று எழுத முடிந்தது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு போனில் வருகிற ஒரு துண்டு. இருபது விநாடி ஆடிவிட்டுத் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் காலத்தில் அது இல்லாமல் காதுகுத்து கிடையாது, சீர் கிடையாது, மினி பஸ் நகராது. சேலத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிந்தது. பின்னால் ஒரு சினிமாக்காரரும் மெட்டைத் தூக்கிக்கொண்டு போனார். சின்னுசாமி கேள்வி கேட்பார், கூட்டம் பதில் சொல்லும். அதுதான் பாட்டு.

ஏணி போட்டு மொளகு பறிக்கும் எங்க ஊரு மாமா,
எறங்கி வந்து ஊட்டப் பாத்தா இருக்குறாளா, மாமா?

கூட்டம் முழுக்க "இல்லீங்கோ" என்று கத்தும். கத்தாதவன் ஊமையாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் கேலிப்பாட்டு. மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களில் எல்லோருக்கும் அந்த மாமா யார் என்று தெரியும். பெயர் மாணிக்கம். ஈச்சங்காட்டுப்பட்டியில் மேட்டுக்காட்டு வீடு. அவர் மிளகு பறிக்க ஏணிமேல் நின்றிருந்த ஒரு பகலில் அவர் மனைவி கண்ணாயி, அடுப்பில் சாமைச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் சொருகிய கதிர் அரிவாளோடு கீழ்ப்பட்டிக்கு நடந்து போய்ச் சின்னுசாமி வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதை அந்த ஊரில் பெரிய குற்றமாகப் பார்க்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் பெண் போகலாம். போனவளை வைத்துக்கொண்டவன், முதல் புருஷன் பரிசமாகப் போட்ட மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. கொடுக்காதவரை அவள் எங்கே பெற்றாலும் பிள்ளை முதல் புருஷனுடையது.

சின்னுசாமி மாட்டைக் கொடுக்கவில்லை. பாட்டுக் கட்டினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கண்ணாயி வாசலில் மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்தாலும் வாய் மட்டும் நரைக்காத பெண்பிள்ளை. அவள் மகள் அருணா தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். குண்டனி நாட்டில் கட்டிக்கொடுத்தவள். அப்பனுக்குத் தொண்டையில் கட்டி வந்ததும் புருஷனை அங்கேயே விட்டுவிட்டு வந்து, கடைசிவரை எச்சில் பாத்திரம் ஏந்தினவள். அப்பன் போய் ஒரு வருஷமாகியும் முகத்தில் அந்தக் களைப்பு போகவில்லை.

"வாங்க பிலாலண்ணா. மொதல்ல சாப்புடுங்க, பொறவு கம்பி இழுக்கலாம்" என்றாள்.

சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். நல்ல குழம்பு. ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் அது இறங்கவில்லை என்பது இரண்டாவது உருண்டையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னுங்க, ஆளாளுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"சதீஷ்குமாரு பண்ணுன வேலை பாயி" என்றாள் கண்ணாயி. சதீஷ்குமார் சின்னுசாமியின் தம்பி மகன். செம்மேட்டில் செல்போன் கடை. விழாக் கமிட்டிக்குத் தானே தலைவன் என்று பேனரில் போட்டுக்கொண்டவன். "பெரியப்பன் படுத்துக் கெடந்தப்போ எட்டிப் பாக்காத நாயி. இப்ப ராசிபுரம், நாமக்கல்லுல இருந்தெல்லாம் போனைத் தூக்கிட்டு ஆளுக வருதுன்னு தெரிஞ்சதும் கல்லுக்கு நான்தான் பால் ஊத்துவேன்றான். ஊர்க்கவுண்டர்கிட்டப் போயி, அருணா எங்க பெரியப்பன் புள்ளையான்னு கேட்டுப்போட்டான்."

"அருணா கல்யாணத்துல யாரும் அதைக் கேக்கலையே?"

"அதை செம்மேட்டு மண்டவத்துல வெச்சோம். அங்க எவன் கேப்பான்? கல்லுன்னதும் கேக்கறாங்க."

கேட்கத்தான் செய்வார்கள். அந்த ஊரில் செத்து வருஷம் திரும்பும்போது கல் நட்டு, பிள்ளை பால் ஊற்றி, பெற்றவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட கல்லுக்குத்தான் தைநோன்பு தோறும் படையல். பிள்ளை இல்லாதவன் கல்லுக்குப் பங்காளி யாராவது பேசாமல் ஊற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தக் கல்லில் ஆடுதான் முதுகு சொறியும். ஊர் ஊராக ஆயிரம் பேரைக் கத்த வைத்த மனிதருக்குக் கூப்பிட ஒரு வாய் இல்லாமல் போவதா?

"அவரு என்ற கையப் புடிச்சுக் காட்டுனாருங்கண்ணா" என்றாள் அருணா. "பேச்சு நின்னு போச்சு, எழுதவும் தெரியாது. என்ற கைய நெஞ்சுல வெச்சு, பொறவு மண்ணைக் காட்டுனாரு. நீ வெய்யின்னு. வேற எதையும் அவரு கேக்கலை."

"அதுக்குத்தான் சொல்றேன், நான் சொல்றபடி சொல்லு" என்றாள் தாய். "மாட்டைத் திருப்பிக் குடுத்தாச்சு, ஓட்டிட்டுப் போனவன் செத்துட்டான். முடிஞ்சுது. ஊர்க்கவுண்டரு காளியண்ணன் அன்னிக்கு லாரியோட ஆந்திரா போயிக் கெடந்தாரு. அவருக்கு என்ன தெரியும்?" என் பக்கம் திரும்பினாள். "பாயி, நாளைக்குப் பாட்டுல மொத ரெண்டு அடி போதும். மூணாவது வேண்டாம்."

மூன்றாவது அடி எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயிரம் தடவை போட்டவன், காது கொடுத்து ஒரு தடவை கேட்டதில்லை.

பரிசமுன்னு ஓட்டிவந்த செவலக் கன்னு, மாமா,
பத்திரமாத் திருப்பிக் குடுத்தேனா, சொல்லு மாமா?

"வெட்டிடறேன்" என்றேன்.

"பொய் சொல்லி அவரைக் கூப்புடறதாம்மா?" என்றாள் அருணா. "நான் மேட்டுக்காட்டுக்கே போயிக் கேட்டுடறேன். அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அண்ணா, நீங்க கூட வாங்க."

கண்ணாயி அரிவாளைக் கிழங்கில் போட்டாள். "போ. போயி அவன் காலுல உழு. நான் எறங்கி வந்த மேட்டுல நீ ஏறு" என்றாள்.

மாணிக்கம் ஏணிமேல்தான் நின்றிருந்தார். ஒற்றை மூங்கிலில் கணுவை விட்டு நறுக்கிய ஏணி, சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்திருந்தது. வயது அறுபத்தைந்துக்கு மேல். இடுப்பில் கட்டிய சாக்குப்பையில் மிளகுச் சரம் விழுகிற சத்தம் தவிர அந்தக் காட்டில் சத்தம் இல்லை. வேலைக்கு ஆள் இல்லை. வீட்டிலும் இல்லை.

"யாரு, பாயா? கூட யாரு?"

"நான் அருணாங்க. கண்ணாயி மகளுங்க."

"கண்ணாயி மகளுன்னா என்ற மகதான். சொல்லு கண்ணு."

"நாளைக்குக் கல்லு நடறாங்க. கவுண்டரு உங்களைக் கேப்பாருங்க. இவ என்ற புள்ளை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மாடு வேணும்னா எங்க தொழுவத்துல எதை வேணா ஓட்டிக்குங்க."

மாணிக்கம் பறித்துக்கொண்டே இருந்தார். "செம்மேட்டுச் சந்தைக்கு மொளகு கொண்டு போவேன் கண்ணு. எடை போடறவன் கல்லை வெச்சுக்கிட்டே, இருக்குறாளா மாமாம்பான். கடையே கத்தும். பஸ்ஸுல ஏறுனா டிரைவரு அந்தக் கேசட்டைத் தேடிப் போடுவான். நடந்தே போக ஆரம்பிச்சேன். பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க ரோட்டுல நின்னு கேக்கும். வேற பொண்ணு கேக்கப் போன ஊட்டுல, அந்தப் பொண்ணே வாயப் பொத்திச் சிரிச்சுது. என்ற ஆத்தா செத்தன்னிக்குப் பந்தல்ல அதைப் போட்டாங்க. யாரு போட்டாங்கன்னு பாயைக் கேளு."

போட்டது எங்க அத்தா. ஒப்பாரி கேசட் என்று மாற்றிச் சொருகிவிட்டார். சாகும்வரை அதை அவர் சிரிப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் சிரித்தோம். எதைக் கேட்டாலும் சிரிக்கிற குடும்பம் எங்களுடையது.

"எங்கப்பா பண்ணுனது தப்புதானுங்க" என்றாள் அருணா.

"தப்புன்னு அவன் சொன்னானா?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "சொல்லலீங்க. அவருக்குத் தொண்டை போயிருச்சு. பேச்சே இல்லீங்க."

மிளகு விழுகிற சத்தம் நின்றது. மாணிக்கம் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். அவ்வளவு நேரம் இறங்காத மனிதர் அதைக் கேட்கத்தான் இறங்கினார்.

"பேச்சு நின்னுருச்சா? எத்தனை நாளு?"

"ரெண்டு மாசமுங்க."

"பாடோணும்னு வாயத் தொறந்தானா?"

"தொறப்பாருங்க. காத்துதான் வரும்."

"தண்ணி?"

"எறங்கலீங்க. பஞ்சுல நனைச்சு ஒதட்டுல வெப்பேன்."

"கஷ்டப்பட்டான்னு சொல்லு."

"ரொம்பக் கஷ்டப்பட்டாருங்க." அருணா அழுதாள். அவள் அழுகையைப் பார்த்து அவர் மனசு இளகும் என்று நினைத்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னாள். சீழ் வடிந்தது, கண் நிலைகுத்தியது, எல்லாம். மாணிக்கம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பசித்தவன் முன்னால் இலை போட்ட மாதிரி இருந்தது அவர் முகம். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

பிறகு உள்ளே போய் வேகவைத்த கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்தார். "தின்னு கண்ணு. இத்தன வருசத்துல இந்த ஊட்டுல நீ ஒரு வாய் தின்னதில்லை. நாளைக்கு வாரேன்." என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாட்டுப் போடுவீங்கல்ல, பாய்?"

"போடுவோமுங்க."

"போடுங்க, போடுங்க."

இறங்கி வரும்போது அருணா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நல்ல மனுசனுங்கண்ணா. சோறு போட்டாரு பாத்தீங்களா. சொல்லிருவாரு." எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்ப ஆசையாக இருந்தது.

மறுநாள் காலையில் பனி விலகுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. லாரி டிரைவர்கள், செண்டை மேளக்காரர்கள், போனைக் குச்சியில் சொருகிக்கொண்டு தனக்குத்தானே பேசுகிற பையன்கள். பேனரில் சின்னுசாமி கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்தார். உயிரோடிருந்தபோது அவர் கறுப்புக் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. அருணா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, பால் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். சதீஷ்குமார் வெள்ளை வேட்டியில் மறுபக்கம் நின்றான்.

ஊர்க்கவுண்டர் காளியண்ணன் மைக்கை வாங்கினார். நல்ல மனிதர், ஆனால் நறுக்கென்று முடிக்கிறவர். "பால் ஊத்தறதுக்கு முந்தி ஒரு வழக்கை முடிச்சுப்போடலாம். கண்ணாயி, பரிச மாடு திரும்பிப் போச்சா இல்லையா?"

"போச்சுங்க" என்றாள் கண்ணாயி. கண் இமைக்கவில்லை. "இவ வயித்துல இருக்கும்போதே ஓட்டி உட்டாச்சுங்க. ஓட்டிட்டுப் போனவரு இப்ப இல்லீங்க."

"மாணிக்கம், நீ என்ன சொல்ற?"

மாணிக்கம் துவைத்த சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி வந்திருந்தார். கூட்டத்தில் யாரோ அவரைக் காட்டி, "டேய், மாமாடா" என்றார்கள். போன்களெல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"நான் என்னத்தச் சொல்றதுங்க" என்றார். "நான் சொன்னா வயித்தெரிச்சல்ல சொல்றேம்பாங்க. செத்தவரைப் பத்தி எதுக்கு? பாட்டைப் போடச் சொல்லுங்க. அவரு வாயாலயே கேட்டுக்கலாம்."

கண்ணாயி என்னைப் பார்த்தாள். கவுண்டர், "போடு பாய்" என்றார். கூட்டம் விசிலடித்தது.

போட்டேன். முதல் அடி. "இல்லீங்கோ." மலையே அதிர்ந்தது. இரண்டாவது அடி, அவள் இறக்கி வைத்துப்போன சாமைச் சோறு ஆறிக் கிடப்பதைப் பற்றியது. "இல்லீங்கோ." அது முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். கரண்ட் போய்விட்டது என்று கையை விரித்தேன்.

அதுதான் கெடுதலாகப் போனது. ஆசைக்கு வந்த கூட்டம் பாதியில் நிற்குமா? ராசிபுரத்து டிரைவர் ஒருவர் தொண்டையைத் திறந்தார். அவரோடு நூறு பேர். செத்தவரின் குரலையே காப்பியடித்து, அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, கையைத் தட்டிப் பாடினார்கள். செவலக் கன்றைத் திருப்பிக் கொடுத்தேனா, சொல்லு மாமா?

"இல்லீங்கோ."

பெரியவர், சின்னவர், பால் குடிக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள், எல்லோரும் கத்தினார்கள். சதீஷ்குமார் கத்தினான். பழக்கதோஷத்தில் காளியண்ணன் கவுண்டரின் உதடுகூட அசைந்ததை நான் பார்த்தேன். உள்ளூர்க்காரர்கள்தான் முதலில் வாயை மூடினார்கள். வெளியூர்க்காரர்கள் இன்னொரு தடவை பாடிவிட்டு, என்னவோ சரியில்லை என்று நிறுத்தினார்கள்.

"ஊரே சொல்லிருச்சுங்க" என்றார் மாணிக்கம்.

கவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி மாணிக்கம். ஆனது ஆகிப்போச்சு. அந்தப் புள்ளை ரெண்டு மாசம் மலம் அள்ளியிருக்குது. இப்ப ஒரு மாட்டை வாங்கிக்கிட்டு விட்டுக் குடுத்துரு" என்றார்.

அருணா ஏற்கெனவே கையைக் காட்டிவிட்டாள். கல் நடுவதற்கென்று குண்டனியிலிருந்து வந்திருந்த அவள் புருஷன் தொழுவத்திலிருந்து ஒரு செவலைக் கிடாரியை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தான். நல்ல மாடு. மாணிக்கம் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பல்லைக்கூடப் பிடித்துப் பார்த்தார். அருணாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

"இதே மாதிரிதானுங்க இருந்துது" என்றார். "ஒரு நாளு ரோசத்தை விட்டுப்போட்டு நானே கீழ்ப்பட்டிக்கு நடந்து வந்தேன். மாட்டைக் குடுத்துரு சின்னுசாமி, கணக்கை முடிச்சுக்கலாம், பாட்டை நிறுத்திருன்னு கேட்டேன். கும்பிட்டுக் கேட்டேன். இந்தக் கண்ணாயி நிலைப்படியில நின்னுக்கிட்டிருந்தா. அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? மாட்டைக் குடுத்துட்டா பாட்டுப் பொய்யாயிரும் மாமா, அப்பறம் எவன் கேப்பான்னான். இவ சிரிச்சா."

கண்ணாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவு பெரிய பாட்டுக்காரரு" என்று மாட்டின் கயிற்றை அருணாவின் புருஷன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "அவரு பாட்டை நாமளே பொய்யாக்கலாமுங்களா? வேண்டாமுங்க. அவரு சொன்னதே இருக்கட்டும்."

"மாணிக்கம்" என்றார் கவுண்டர்.

"வழக்கு என்னன்னு நீங்களே சொல்லுங்க."

கண்ணாயி கவுண்டர் காலடியில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். அவர் நகர்ந்து நின்று, "மாடு திரும்பலைன்னா புள்ளை மாணிக்கத்தோடது. சதீஷு, நீ ஊத்து" என்றார்.

அருணா செம்பை விடவில்லை. சதீஷ்குமார் இழுத்தான். பால் தளும்பி அவள் புடவையில் சிந்தியது. போன் பையன்கள் நெருங்கி வந்தார்கள். மாணிக்கம் அவள் பக்கத்தில் போய் நின்று, மெதுவாக, நிஜமாகவே தகப்பன் சொல்கிற மாதிரி சொன்னார்: "குடுத்துரு கண்ணு. அப்பன் செத்த புள்ளைங்கதான் கல்லுக்குப் பால் ஊத்தோணும். நான் உசுரோட இருக்கறனல்ல."

அவள் விரல்கள் தளர்ந்தன. சதீஷ்குமார் கேமராவைப் பார்த்துக்கொண்டே ஊற்றினான். பிள்ளையில்லாதவன் கல்லுக்கு ஊற்றுகிறபடி வாயைத் திறக்காமல் ஊற்றினான். பால் கல்லில் இறங்கி மண்ணுக்குள் போனது.

அருணாவால் தாங்க முடியவில்லை. கல்லுக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, தொண்டை கிழிய, "அப்பா" என்று கூப்பிட்டாள்.

"சொல்லு கண்ணு" என்றார் மாணிக்கம்.